எதிர் நாற்காலி

ஆள் உள்ளே வந்ததும் அவர் ஆளைப் பார்க்கமாட்டார், கூடத்தைப் பார்ப்பார். அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு நாம் நிற்போம். அவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எந்த மேஜையில் ஒற்றை ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று தேடுவார். கிடைத்ததும் இரண்டு விரலை நீட்டிக் காட்டிவிட்டு முன்னால் நடப்பார். பின்னால் வருகிறோமா என்று திரும்பிப் பார்த்ததில்லை. வருவோம் என்று அவருக்குத் தெரியும்.

தஞ்சாவூர் ரயிலடியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பழைய லாட்ஜின் மாடியில் இருக்கிறது அந்த பார். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே அதிகாரிகள் குடிப்பதற்காகத் திறந்தது என்று சொல்வார்கள். மதுவிலக்குக் காலத்தில் டாக்டர் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அங்கே ஊற்றினார்களாம். அதனால் ஊரில் வயதானவர்கள் இன்றைக்கும் அதைப் பர்மிட் ரூம் என்றுதான் சொல்கிறார்கள். சிவப்பு சிமெண்டுத் தரை. பதினோரு மேஜை. மேஜைக்கு இரண்டு நாற்காலி, எதிரும் புதிருமாக. ஆறு மின்விசிறி, அவற்றில் ஒன்று சத்தம் மட்டும் போடும். கைகழுவும் இடத்தில் ரசம் போன பெரிய கண்ணாடி. எதையும் எண்ணாமல் எனக்குப் பார்க்கத் தெரியாது. வயலில் கயிறு கட்டி, கயிற்றுக்குள் விளைந்த நெல்லை மட்டும் அறுத்து எடைபோட்டு, அதிலிருந்து வட்டாரத்து மகசூலைக் கணக்கிடும் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

அந்தக் கூடத்தில் இன்றுவரை எதுவும் மாறவில்லை. ஆனால் ஒரு சமயம் மாறியிருக்கும். மேஜைகளைத் தூக்கிவிட்டு ஆளுக்கு ஒரு தடுப்பறை போடப் பார்த்தார்கள். போட்டிருந்தால், வாரத்தில் இரண்டு சாயங்காலம் எனக்கு எதிரே ஒரு மனுஷ முகம் இருப்பது நின்று போயிருக்கும். வீட்டில் அது நின்று போய் வெகுநாள் ஆகிறது. அப்போது நான் பட்ட கவலை கொஞ்சமல்ல. அது நடக்காமல் போனதற்கு இவர்தான் காரணம்.

அவர் அந்த பாரின் சூப்பர்வைசர். பேருக்குத்தான் சூப்பர்வைசர், வாசலில் நிற்பது, பரிமாறுவது, பில் கொடுப்பது எல்லாம் அவர் ஒருவரே. எல்லோரும் அவரை அண்ணே என்பார்கள், அவரைவிடப் பத்து வயது மூத்த வக்கீல் உட்பட. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அவர் எங்களில் யாருடைய பெயரையும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவரிடம் முதலில் கேட்பது எந்த ஊர் என்பதுதான். ஊர் தெரிந்தால் தெரு கேட்பார்கள், தெரு தெரிந்தால் அப்புறம் கேட்க ஒன்றும் பாக்கி இராது. அந்தக் கேள்வியை அவர் கேட்டு நான் கேட்டதே இல்லை. யாராவது கேட்டால், சரியாக அந்த நேரம் பார்த்து மேஜையைத் துடைக்க வந்துவிடுவார்.

குள்ளமான ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டாத வேட்டி, தோளில் ஒரு துண்டு. கூடத்தில் செருப்புப் போடமாட்டார். உரக்கப் பேசமாட்டார். அவர் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை.

நான் முதன்முதலாக அங்கே போனது என் மனைவி இறந்த மூன்றாம் மாதம். பெண் சென்னையில். வீட்டில் சுவர்க்கடிகாரம் ஒன்றுதான் சத்தம். குடிப்பது எனக்குப் பெரிய பழக்கம் இல்லை, ஒரு பாட்டில் பீர் போதும். யார் கண்ணிலும் படாத ஒரு மூலை வேண்டும் என்றுதான் படியேறினேன். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பாதிக்கு மேல் மேஜைகள் காலி. அவரோ என்னை நேராகக் கொண்டுபோய், ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்த மேஜையில் நிறுத்தினார். காலில் சேறு காய்ந்த, பெரிய உடம்புக்காரர்.

"அந்த மேஜை காலியாத்தானே இருக்கு?" என்றேன்.

"இருக்குங்க. இங்க உக்காருங்க. பேசணும்னு ஒண்ணும் இல்ல."

நான் தயங்கினேன். அவர் என் காதருகே குனிந்து, "அவரு தனியா இருக்காரு, பாவம். செத்த நேரம் எதிர்ல இருங்க" என்றார்.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒருவர் பாவம் என்று சொன்ன பிறகு எப்படிப் போவது? உட்கார்ந்தேன். நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இடையில் கடலை வந்தது.

கடலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்த அவித்த கடலை. ஆளுக்கு ஒரு தட்டு அல்ல, மேஜைக்கு ஒரு தட்டு. சரியாக நடுவில் வைப்பார். ஒரு பக்கம் தள்ளியிருந்தால் விரலால் நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவருவார். கரண்டி கிடையாது. கேட்டால், கழுவப் போயிருக்கிறது என்பார். நான் போய் வந்த இத்தனை வருஷத்தில் அந்தக் கரண்டிகள் கழுவித் திரும்பவில்லை.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி ஐந்து பேர். ஒருவர் தட்டில் ஒருவர் கைவைத்தது கிடையாது. தண்ணீரைக்கூட உதட்டில் படாமல் தூக்கிக் குடித்து வளர்ந்தவன் நான். நிலம் இருந்த குடும்பம். நிலம் போய்விட்டது, அந்தப் பழக்கம் போகவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் விரல்விட்டு எடுக்கும் தட்டில் நானும் எடுப்பதா? முதல் மூன்று தடவை கடலையைப் பார்த்துக்கொண்டே பீரைக் குடித்துவிட்டு வந்தேன். நாலாவது தடவை கைவைத்தேன். காரம் அதிகம். அன்றைக்குத்தான் எதிரே இருந்த அதே பெரிய உடம்புக்காரர் முதன்முதலாக வாயைத் திறந்தார். பச்சைமிளகாயை ஒதுக்கிவிட்டு எடுங்கள் என்றார்.

வெண்ணாற்றங்கரைப் பக்கத்து விவசாயி அவர். அவருடைய அப்பா பண்ணையில் கூலிக்கு நாற்றுமுடி சுமந்தவர். இவர் அதே பக்கத்தில் நாலு ஏக்கர் வைத்திருக்கிறார். மகள் நர்சிங் படிக்கிறாள். உரம் வாங்கவோ மகளைப் பார்க்கவோ டவுனுக்கு வந்தால் மாடியேறிவிட்டுப் போவார். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல, ஒவ்வொன்றாகத் தானே வந்தது. நான் பார்த்த வேலை தெரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது.

"கயிறு கட்டுற ஆபீசரா நீங்க? ஊரே காஞ்சு கெடந்தாலும் எங்கயாச்சும் நல்லா வெளஞ்ச எடமாப் பாத்துக் கட்டிட்டுப் போயிருவாங்களே. அப்பறம் எங்களுக்கு எங்கேருந்து இன்சூரன்ஸ் வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. எந்த வயலில் கயிறு கட்டுவது என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை, அதற்கென்று, சீட்டுக் குலுக்கி எடுப்பது மாதிரி, ஓர் எண் அட்டவணை உண்டு, அது யாருக்கும் வேண்டியதும் இல்லை வேண்டாததும் இல்லை என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த அட்டவணைக்கும் நல்ல வயல்னா புடிக்கும் போலருக்கு" என்றார்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஒரு தடவை அறுவடை காரணமாக அவர் மூன்று வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கொஞ்சம் பெரிய மனது பண்ணிச் சொல்லிக்காட்டினேன். அவருக்காகத்தான் இந்த மூட்டுவலியோடு மாடியேறுகிறேன், அவர் தனியாக இருக்கிறார் என்று முதல்நாளே அண்ணன் சொன்னார் என்று.

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்கிட்ட உங்களச் சொன்னாருங்க. நீங்க கை கழுவப் போயிருந்தீங்க. அந்த சாருக்கு யாரும் இல்ல போலருக்கு, செத்த இருந்துட்டுப் போங்கன்னாரு. இல்லாட்டி நான் அன்னைக்கே அஞ்சரை பஸ்ஸுக்குப் போயிருப்பேன்."

இருவரும் ஒரே சமயத்தில் வாசல் பக்கம் திரும்பினோம். அங்கே அண்ணன் யாரோ ஒருவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. ஜாதகம் பார்க்காமல் சேர்த்துவைக்கும் தரகர் என்பார்கள். ஒருநாள் வக்கீல், எதிரே உட்கார வைக்கப்பட்ட சிமெண்டுக் கடைக்காரரைக் காட்டி, "பொருத்தம் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டார். "பாத்துட்டேங்க. ரெண்டு பேருக்கும் தாகம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிக்கவில்லை. அவர் வேடிக்கையாகச் சொல்கிறாரா மெய்யாகச் சொல்கிறாரா என்பது யாருக்கும் கடைசிவரை விளங்கவில்லை.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்லமாட்டேன். வெள்ளைச் சட்டை, கையில் தங்கக் கடிகாரம் போட்ட ஒருவர் ஒருநாள் எதிரே இருந்த ஆளை அடையாளம் கண்டுகொண்டார். தன் வீட்டு வயலில் ஒரு காலத்தில் வேலை செய்தவருடைய மகன். இவனோடு ஒரே தட்டிலா என்று கேட்டுவிட்டு எழுந்தார். வேறு மேஜை கேட்டார். நம் சூப்பர்வைசர் வேறு மேஜை தரவில்லை. லாட்ஜில் அறை எடுத்தால் அங்கே கொடுத்தனுப்புகிறேன், கூடத்தில் என்றால் இந்த நாற்காலிதான் என்றார். அந்த மனிதர் கை ஓங்கிவிட்டார். அடி கன்னத்தில் விழுந்தது. கூடமே எழுந்து நின்றது. இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நகர்ந்துவிட்ட தட்டை நடுவுக்குத் தள்ளினார். அவ்வளவுதான். அந்த மனிதர் படியிறங்கிப் போய்விட்டார். அறுவடையெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் திரும்ப வந்தார். இவர் அவரை அதே நாற்காலிக்கு அழைத்துப் போனார். எதிரே வேறு யாரோ. யார் என்று அவர் கேட்கவில்லை, உட்கார்ந்தார்.

இன்னொன்று, அண்ணன் தம்பி விவகாரம். பாகப்பிரிவினை வழக்கில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இருவர். அவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய வரப்புத் தகராறு நடந்த வயலில் ஒருமுறை எண் அட்டவணை என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, கயிற்றின் ஒரு மூலை அண்ணன் பக்கம் விழுந்ததா தம்பி பக்கம் விழுந்ததா என்று இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன். கோர்ட்டில் வாய்தா முடிந்து அண்ணன் வந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தார். வாசலில் நின்ற இவருக்கு எங்கே தெரியும்? இரண்டு விரலை நீட்டி நேராக அண்ணனுக்கு எதிரே கொண்டுபோய் விட்டார்.

நான் எழுந்து ஓடி இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பாட்டில் உடையும், போலீஸ் வரும், லைசென்ஸ் போகும் என்றேன். "அப்படிங்களா" என்றார். போய்க் கடலைத் தட்டை வைத்துவிட்டு வந்தார்.

அவர்கள் எழுந்திருக்கவில்லை. முதலில் எழுந்தவன் தோற்றவன் ஆகிவிடுவான் என்று இருவருக்குமே இருந்திருக்கும். முறைத்துக்கொண்டே குடித்தார்கள். அண்ணனுக்கு ஒரு பக்கம் பல் கிடையாது. அவர் கடலையை மட்டும் பொறுக்குவதைத் தம்பி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெங்காயத்தை விரலால் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டார். சமாதானம் ஒன்றும் ஆகவில்லை, வழக்கு தொடர்ந்து நடந்தது. ஆனால் வாய்தா நாளெல்லாம் அண்ணன் முன்னால் வருவார், தம்பி கொஞ்சம் பின்னால் வருவார், அதே மேஜை. அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

இனி தடுப்பறை விஷயத்துக்கு வருகிறேன்.

லாட்ஜின் முதலாளி புரட்டாசியில் இறந்துபோனார். அவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை, அல்லது பார்க்கவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரே மகள். பெங்களூரில் பெரிய ஓட்டலில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு வந்து, லாட்ஜிலேயே ஓர் அறையில் தங்கி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டிக்காரப் பெண். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வருமானம் குறைந்திருந்தது. இப்போது வருகிற இளைஞர்கள் எதிரே தெரியாத ஆள் உட்கார்ந்தால் எழுந்து வேறு இடம் போய்விடுகிறார்கள். அவர்களுக்குத் தனிமை வேண்டும். எனவே முதலில் மேற்குச் சுவரை ஒட்டி மூன்று அறை. ஒட்டுப்பலகைத் தடுப்பு, மெத்தை வைத்த இரண்டு இருக்கை, மங்கலான விளக்கு, ஒரு திரைச்சீலை. ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு கரண்டி. மாதக் கடைசிவரை பார்ப்பது, நன்றாக ஓடினால் மற்ற மேஜைகளையும் எடுத்துவிடுவது.

மூன்று மேஜைகள் மொட்டைமாடிக்குப் போயின. மிச்சம் எட்டு. நான் இவரைத் தனியாகப் பிடித்து, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றேன். "அவங்க கடைங்க" என்றார். அவ்வளவு காலம் வேலை பார்த்த மனுஷன் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

அறைகள் திறந்த அன்று தனியாக வந்தவர்களை, சொன்னபடியே, அவர் அறைக்குள் உட்கார வைத்தார். திரையை இழுத்துவிட்டார். கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பிறகு திரையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு உள்ளே போய், எதிர் இருக்கையில் தானே உட்கார்ந்தார்.

விவசாயி என் கையைப் பிடித்துக் காட்டினார். அந்த மனிதர் உட்கார்ந்து நாங்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். உள்ளே இருந்தவர், என்னண்ணே என்று கேட்டார். ஒன்றுமில்லை, நீங்கள் குடியுங்கள் என்றார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து அடுத்த அறைக்குப் போனார். அங்கேயும் உட்கார்ந்தார். பிறகு மூன்றாவது. பிறகு மறுபடி முதலாவது.

வாசலில் வந்தவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். சமையற்கட்டில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பில் வரவில்லை. எனக்குப் பீர் வரவே நாற்பது நிமிஷம் ஆயிற்று. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் காத்திருந்ததில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு வந்த ஒரு இளைஞன், மூன்றாவது தடவை இவர் திரையை விலக்கியபோது கிளாஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்து எங்கள் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தான். இதற்கு முதலிலேயே இங்கே உட்கார்ந்திருக்கலாம் என்று முனகினான். எதிரே இருந்த வக்கீல் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

மறுநாளும் அப்படியே. இவர் நல்ல தந்திரமாகச் சண்டை போடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டு, இறங்கிப் போகும்போது படியில் வைத்துப் பாராட்டினேன். அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது.

"சண்டையெல்லாம் இல்லைங்க. அந்தப் பொண்ணோட நான் எதுக்குச் சண்டை போடுறேன்? திரையைப் போட்டு ஒரு ஆளைத் தனியா வுட்டுட்டு வந்தா எனக்கு வேலை ஓட மாட்டேங்குது."

பிறகு கைப்பிடிச் சுவரைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார். அவர் சப்ளையராக இருந்த காலத்தில் ஒருவர் மூலை மேஜையில் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தாராம். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம். ஐந்து நிமிஷம் உட்காருங்களேன் என்று இவரைக் கேட்டாராம். வேலை கிடக்கிறது என்று இவர் போய்விட்டார். திரும்பி வந்தபோது பாதி கிளாஸ் அப்படியே இருந்தது, ஆள் இல்லை.

என்ன ஆனார் என்று கேட்டேன்.

"தெரியலைங்க. நல்லாத்தான் இருப்பாரு. எனக்குத்தான் தெரியாது."

நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். ஒருவருக்கு ஏதாவது கெட்டது நடந்துவிட்டது என்று தெரிந்தால் அழுது தீர்த்துவிடலாம். தெரியாமல் இருந்தால் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் தேட வேண்டும். எனக்குக் கவலைப்படுவது தெரியும். அதனால் அவர் சொன்னது புரிந்தது.

நாலாம் நாள் அந்தப் பெண்ணே வந்துவிட்டார். வியாபாரம் குறைந்த கணக்கு போயிருக்கும், யாராவது புகாரும் சொல்லியிருப்பார்கள். மூன்று மணி வெயில். கூடத்தில் நானும் விவசாயியும்தான், என்ன ஆகுமோ என்று அந்த வாரம் தினமும் நேரத்தோடு வந்துகொண்டிருந்தோம். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. நேராக நடு அறைக்குப் போய்த் திரையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். தடுப்பைத் தட்டிப் பார்த்தார். விளக்கைப் போட்டு அணைத்தார். ஒரு லெமன் சோடா சொன்னார். செல்போனில் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்.

இன்றைக்கு இவருக்கு வேலை போகும், நாளைக்கு மேஜைகள் போகும் என்று நினைத்தேன்.

இவர் சோடாவைக் கொண்டுவந்து வைத்தார். நின்றார். கூடத்தை ஒரு தடவை பார்த்தார். தனியாக இருந்தது ஒரே ஆள்தான். எதிர் இருக்கையில் உட்கார்ந்தார்.

விவசாயி மேஜைக்கடியில் என் காலை மிதித்தார், பேசாதே என்று.

"என்னண்ணே, வேலை இல்லயா?" என்றார் அந்தப் பெண்.

"இதுதாம்மா வேலை."

"எனக்கு யாரும் துணை வேணாம்ணே. கணக்குப் பாக்கத்தான் வந்தேன்."

"பாருங்கம்மா. நான் ஒண்ணும் பேசல."

பேசவில்லைதான். கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் போனைப் பார்த்தார். விரல் ஒரே இடத்தில் நின்றிருந்தது. அந்த ஒற்றை மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. நான் பீரைத் தொடவில்லை. வெகுநேரம் கழித்து அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்பா இங்க வருவாரா?"

"தெனமும் சாயந்தரம் வருவாரும்மா."

"எங்க உக்காருவாரு?"

"அவருக்குன்னு எடம் ஏது? நான் எங்க காட்டுறேனோ அங்க. யாரு ஒண்டியா இருக்காங்களோ அவங்களுக்கு எதிர்ல."

"அவரு யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"நான் சொன்னதில்லம்மா. அவரும் சொன்னதில்ல."

விவசாயியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விவசாயி வராத நாட்களில் எனக்கெதிரே எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சாம்பல் நிறச் சட்டை போட்டு அடிக்கடி இருமுகிற ஒல்லியான ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். மகள் வெளியூரில் இருப்பதாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை போன் வரும் என்பார். எனக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைத்தால் தெரிந்துவிடும் என்று இருந்திருக்கலாம். கடலை இருக்கிறதா என்று கேட்டார். இவர் எழுந்திருக்கப் போனார். நீங்கள் இருங்கள் என்று அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சமையற்கட்டுப் பக்கம் திரும்பிக் கடலை கேட்டார். சமையல்காரர் புது உத்தரவுப்படி இரண்டு தட்டும் இரண்டு கரண்டியும் கொண்டுவந்தார். அந்தப் பெண் ஒரு தட்டையும் இரண்டு கரண்டியையும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ஒண்ணு போதும்" என்றார்.

இவர் அந்தத் தட்டை நடுவில் நகர்த்தி வைத்தார். அந்தப் பெண் ஒரு கடலையை எடுத்தார். இவர் எடுக்கவில்லை. அவர் எடுக்கும்வரை தானும் இரண்டாவது எடுக்கப்போவதில்லை என்பதுபோல அந்தப் பெண் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் இவர் எடுத்தார்.

விவசாயி அன்று பஸ்ஸை விட்டுவிட்டார். நான் இன்னொரு பாட்டில் சொன்னேன். டாக்டர் கூடாது என்றிருந்தார்.

மறுநாள் தச்சர் வந்தார். ஒட்டுப்பலகை இறங்கியது, மொட்டைமாடியிலிருந்து மூன்று மேஜைகளும் இறங்கின. இளைஞர்களுக்கு என்ன செய்வது என்று அந்தப் பெண் யோசித்து, லாட்ஜின் கீழ்த்தளத்தில் ஒரு குளிரூட்டிய அறையை அவர்களுக்கென்று திறந்தார். அது நன்றாகவே ஓடுகிறது. மாடியில் கைவைக்கவில்லை.

இவர் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வாசலில் நின்றார். கால் வீங்க ஆரம்பித்ததும் முத்துப்பேட்டைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன வருஷம் துக்கச் செய்தி வந்தது. விவசாயியும் நானும் பஸ் ஏறிப் போய் வந்தோம். அங்கே எங்கள் பக்கத்து முகங்கள் நிறைய இருந்தன. அந்த அண்ணன் தம்பியும் வந்திருந்தார்கள், ஆளுக்கு ஒரு பஸ்ஸில். பந்தலில் யார் யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் எல்லோரும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தோம்.

இப்போது வாசலில் நிற்பவர் ஒடிசாக்காரர். எங்களைவிட மரியாதையாகத் தமிழ் பேசுகிறார். அவர் சேர்ந்த முதல் மாதம் எனக்குத் தூக்கமில்லை. இவருக்கு எங்கே தெரியப்போகிறது, காலி மேஜையைக் காட்டிவிடுவாரே என்று கவலைப்பட்டேன். அந்தப் பெண் அவரை ஒரு வாரம் பக்கத்தில் நிறுத்தி, தானே ஆட்களை உட்காரவைத்துக் காட்டினார் என்று வக்கீல் சொன்னார். போன செவ்வாய்க்கிழமை விவசாயி வரவில்லை. ஒடிசாக்காரர் என்னை அரைக்கதவருகே நிற்கவைத்துவிட்டுக் கூடத்தைப் பார்த்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பார்த்தார்.

அன்று என்னை உட்காரவைத்தது மேற்குச் சுவர் ஓரம். தச்சர் திருகாணிகளைப் பிடுங்கிய ஓட்டைகள் அங்கே இருக்கின்றன. பட்டி வைத்து அடைத்து மேலே வண்ணம் பூசியிருக்கிறார்கள், நிறம் ஒட்டவில்லை. பலகைக்கு நாலு வீதம் நாலு பலகைக்குப் பதினாறு. அந்தக் கூடத்தில் என் காலத்தில் ஏற்பட்ட மாற்றம் என்று சொன்னால் அது ஒன்றுதான். எதிரே இருந்தவர் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை எண்ணினேன். பதினாறுதான். கூடவில்லை.